நான்காம் நாள் போட்ட கையெழுத்து

1. வியாழன், மாலை மூன்றரை மணி

வங்கியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "சரஸ் அக்கா, கொள்ளை கிள்ளை ஏதாச்சும் பாத்திருக்கீங்களா?" பார்த்ததில்லை. கோல சிலாங்கூர் கிளையில் இருபத்தேழு ஆண்டுகள் குப்பை கொட்டியிருக்கிறேன். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைதான் உண்மையிலேயே பயந்தேன். அதற்குக் காரணம் ஒரு காகித உறை. அந்தக் கதையை எழுதி வைக்கிறேன். படித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை, மறந்துவிடாதீர்கள்.

அன்று வியாழக்கிழமை. கவுண்டர் மூட அரை மணி நேரம் இருந்தது. நான் அப்போது வாடிக்கையாளர் சேவை மேசையில் இருந்தேன். கணக்குத் திறப்பது, தொலைந்த கார்டு, இறந்தவர்களின் கணக்கு எல்லாம் என் தலையில். இறந்தவர் கணக்கை எங்களுக்குள் 'டெத் ஃபைல்' என்போம். கேட்க நன்றாக இருக்காது, ஆனால் அப்படித்தான் சொல்வோம். தலைமையகத்தின் சொத்து நிர்வாகப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆறுமுகம் என்பவரின் டெத் ஃபைலுக்கு வங்கி வாங்கப்போகும் கட்டணத்தின் மதிப்பீடு. திறந்து பார்த்தேன். பதினோராயிரத்து அறுநூறு வெள்ளி.

எங்கேயோ ஒரு சைபர் கூடிவிட்டது என்று நினைத்தேன். என் மனக்கணக்கில் இருந்தது நானூற்று நாற்பது வெள்ளி. உடனே தலைமையகத்துக்குப் போன் போட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். நான்கு விழுக்காடு என்பது வங்கியில் உள்ள பணத்துக்கு மட்டும் இல்லையாம். இறந்தவர் பெயரில் இருக்கும் எல்லாவற்றுக்குமாம். வீடு இரண்டு லட்சத்து எழுபதாயிரம், பழைய லோரி ஒன்பதாயிரம், சேமிப்பு பதினோராயிரம். வீட்டுக்கடன் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறதே என்றேன். கடனைக் கழிப்பதில்லை, மொத்த மதிப்புக்குத்தான் கட்டணம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, விண்ணப்பப் பாரத்தின் பின்பக்கத்தில் எல்லாம் இருக்கிறதே, நீங்கள்தானே கையெழுத்து வாங்கினீர்கள் என்று கேட்டாள்.

நகலை எடுத்துப் பின்பக்கம் புரட்டினேன். இருந்தது. வேண்டாம் என்றால், விண்ணப்பத்தை உறுதி செய்து வங்கி தரும் கடிதத்தின் தேதியிலிருந்து பத்து நாளுக்குள் ரத்து செய்யலாம் என்றும் இருந்தது. அதற்குக் கடிதத்தோடு சேர்ந்து வரும் துண்டுச் சீட்டில் விண்ணப்பித்தவர் கையெழுத்துப் போட்டு, பத்தாம் நாள் மாலை நான்கு மணிக்குள் கிளையில் கொடுக்க வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டால் பாதியில் விலகினாலும் முழுக் கட்டணம். விரல்விட்டு எண்ணினேன். பத்தாம் நாள் என்பது மறுநாள், வெள்ளிக்கிழமை.

அந்தக் குடும்பத்தின் மொத்த சேமிப்பையும் எடுத்துக்கொண்டு, மேற்கொண்டு அறுநூறு வெள்ளி கடனும் வைக்கப்போகிறது எங்கள் வங்கி. வாங்கிக் கொடுத்தவள் நான்.

2. நான் சொன்னதும் சொல்லாததும்

முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமை சாந்தி என்ற பெண் என் மேசைக்கு வந்தார். நாற்பத்தெட்டு வயது இருக்கும். புக்கிட் பெலிம்பிங்கில் வீடு, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவர் ஆறுமுகம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியைச் சொந்தமாக வைத்து ஓட்டியவர். சனிக்கிழமை காலை லோரியைக் கழுவிக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஞாயிறு தகனம், திங்கள் பால் தெளிப்பு, செவ்வாய் வங்கி. துக்க வீட்டுக்காரி பதினாறு முடியும்வரை வாசல் தாண்டக்கூடாது என்பார்கள். ஆனால் ஈமச்சடங்கு செய்தவருக்குப் பணம் கொடுக்க வேண்டும், பணமோ ஆறுமுகத்தின் கணக்கில் இருந்தது. வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுக்காரர் காரில் வந்திருந்தார்.

இறப்புச் சான்றிதழைக் காட்டியதும் கணக்கை முடக்கிவிடுவோம். ஆனாலும் ஈமச்செலவு ரசீதைக் கொடுத்தால் அந்தத் தொகையை மட்டும் கிளையே விடுவிக்கலாம். அதைச் செய்து கொடுத்தேன். அதோடு என் வாயை மூடியிருக்க வேண்டும்.

அன்று காலைதான் எங்கள் கிளை மேலாளர் தேவன் என் மேசையருகே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "சரஸ், இந்த மாசம் ஒரு டெத் ஃபைல்கூட நம்ம பிராஞ்சுலேருந்து போகல. மேல கேக்குறாங்க. யாராச்சும் வந்தா அந்தச் சொத்து நிர்வாகப் பாரத்தையும் சேத்துக் குடு லா." நானும் சேர்த்துக் கொடுத்தேன்.

"இது என்னா மேடம்?" என்று சாந்தி கேட்டார்.

"வீட்டுப் பேரு மாத்தணும், லோரிப் பேரு மாத்தணும், மிச்சக் காச எடுக்கணும். எல்லாத்துக்கும் நீங்க எங்கம்மா அலைவீங்க? இதுல கையெழுத்து போட்டீங்கன்னா எங்க ஆளுங்களே பாத்துக்குவாங்க."

"இதுக்குக் காசு கட்டணுமா?"

"இப்ப ஒண்ணும் கட்ட வேணாம் லா."

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள அசிங்கம். கட்டணம் சேமிப்பில் மட்டும்தான் என்று நானே நம்பியிருந்தேன். நானூறு வெள்ளி பெரிய தொகை இல்லை, பிறகு கழித்துக்கொள்வார்கள், எதற்கு இப்போது அதைச் சொல்லி அழ வைக்க வேண்டும் என்று நினைத்தேன். பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அவர் முன்பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை. நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். அச்சாகி வந்த கடிதத்தை உறையில் போட்டு, "வீட்டுல போய் நிதானமா படிங்க" என்று கொடுத்தனுப்பினேன்.

நில அலுவலகத்தைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. இந்த அளவுச் சொத்துக்கு அங்கே மனுக் கொடுத்தால் சில நூறு வெள்ளியில் வீடு, லோரி, சேமிப்பு மூன்றுக்கும் ஒரே உத்தரவு கிடைத்துவிடும். மாதக்கணக்கில் இழுக்கும், அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. எங்கள் ஆட்கள் வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை இறந்தவருடைய சொத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். பத்திரமோ கடிதமோ எது வந்தாலும் பிரிக்காமல் இறந்தவர் படத்துக்கு முன்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். என் அப்பா இறந்தபோது என் வீட்டிலும் அப்படித்தான் வைத்தோம். நான்காம் நாள் கடிதம், பதினான்காம் நாள் கெடு, பதினாறாம் நாள் கருமாதி. தலைமையகத்தில் கெடு வைத்தவனுக்குக் கருமாதி தெரிந்திருக்க நியாயமில்லை. உறையை நீட்டிய தமிழச்சி எனக்குத் தெரியாதா?

3. போனில் கிடைத்த பதில்

சாந்தியின் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தது அவருடைய நாத்தனார், ஆறுமுகத்தின் தங்கை பாக்கியம். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவர், குரலிலேயே கரண்டி பிடித்தவர். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணி இப்பப் பேச முடியாது. நீங்க குடுத்த லெட்டர் அண்ணன் படத்துக்கு முன்னாடி இருக்கு. ஞாயித்துக்கிழம கருமாதி. திங்கக்கிழம பிரிப்போம்."

"திங்கக்கிழம பிரிச்சா பிரயோஜனம் இல்லம்மா. நாளைக்கு நாலு மணிதான் கடைசி."

"அதென்னா மேடம், சாவு வீட்டுல இவ்ளோ அவசரம்? அன்னிக்கு அவசரமாக் கையெழுத்து வாங்குனீங்க. இன்னிக்கு அவசரமா இன்னொரு கையெழுத்து கேக்குறீங்க. என்னா ஏமாத்தப் பாக்குறீங்களா?"

போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

தேவனிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார். "கஸ்டமரா வந்து கேன்சல் பண்ணா பண்ணட்டும். ஸ்டாஃப் வீடு தேடிப் போயி கேன்சல் பண்ண வச்சான்னு தெரிஞ்சுச்சு, எனக்கும் பிரச்சன, உனக்கும் பிரச்சன. உனக்கு இன்னும் எத்தன வருஷம் இருக்கு?"

"மூணு."

"அப்ப சும்மா இரு லா."

நான் மறுநாள் காலைக்கு அரைநாள் விடுப்புப் பாரம் நீட்டினேன். எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

4. புக்கிட் பெலிம்பிங்

ஒன்பதரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். இரட்டை மாடி வரிசை வீடு. வெளியே ஆறுமுகத்தின் லோரி, கழுவியது பாதி கழுவாதது பாதியாக நின்றது. அந்த நாளுக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை போலும். உள்ளே பாக்கியம் கருமாதிக்குச் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நேத்து சொன்னது போதாதா மேடம்?"

படத்துக்கு முன்னால் உறை இருந்தது. எங்கள் வங்கியின் நீலக்கோடு போட்ட உறை, அதன் மேல் விபூதி. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நான்கு எட்டு வைத்தால் கைக்கு எட்டிவிடும். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாந்தி அறையிலிருந்து வந்து தரையில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டணம் எவ்வளவு, எதற்கெல்லாம், கெடு எப்போது. சுற்றி வளைக்கவில்லை. "நான் பின்பக்கம் படிக்காமலே உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டேம்மா. தப்பு என்னோடது" என்றேன். சொல்லும்போது வெட்கத்தில் காது சுட்டது. பாக்கியம் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காணொளி ஒன்று போதும் என் வேலையை முடிக்க. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

சாந்தி கணவர் படத்தைப் பார்த்தார். பிறகு, "கவிதா வரட்டும்" என்றார். கவிதா அவருடைய ஒரே மகள். புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. அன்று காலை ஒரு சோதனை, தவறவிட முடியாது என்று போயிருந்தாள். "அவ படிச்சுச் சொல்லட்டும். அன்னிக்கு நீங்க சொன்னதக் கேட்டேன். இன்னிக்கும் நீங்க சொல்றதயே கேக்கணுமா?"

காத்திருந்தேன். பத்தரை, பதினொன்று, பன்னிரண்டு. கவிதாவின் போன் அணைந்திருந்தது. பாக்கியம் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. துக்க வீட்டில் கேட்பதும் முறையில்லை. ஒரு மணிக்குத் தேவன் அழைத்தார். "அரைநாள் முடிஞ்சிருச்சு. எங்க இருக்க?" கார் டயர் பஞ்சர் என்று பொய் சொன்னேன்.

ஒன்றே முக்காலுக்கு மோட்டார் சத்தம் கேட்டது. கவிதா தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள் நான் என்னிடமிருந்த நகலை நீட்டிவிட்டேன். நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தாள். கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டாள். அவள் முகம் மாறியது.

"அம்மா, மேடம் சொல்றது கரெக்ட். பதினோராயிரத்து அறுநூறு. அப்பா சேவிங்ஸ் ஃபுல்லா போயிடும். அடுத்த செமெஸ்டர் ஃபீஸ் அதுலேருந்துதானே கட்டணும்?"

"அதுக்காக?" என்றார் பாக்கியம். "அண்ணன் முன்னாடி வச்சத பதினாறுக்கு முன்னாடி எடுக்குறதா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது? ரெண்டே நாளு, அது பொறுக்காதா இவங்க பேங்கு?"

"பொறுக்காதும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

சாந்தி எழுந்தார். நாத்தனாரைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார். "பதினாறுக்கு முன்னாடி சொத்துக் காகிதத்தத் தொடக்கூடாதுன்னா, நாலாம் நாளு நான் கையெழுத்து போட்டதே தப்புதானே பாக்கியம்? துக்கத்துல இருக்கவங்கள யாரும் ஏச்சிடக் கூடாதுன்னுதானே அந்தப் பழக்கத்த வச்சாங்க. ஒரு தடவ மீறிட்டேன். அதச் சரி பண்ண இன்னொரு தடவ மீறுறேன். உங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டா என்னைய கோவிச்சுக்கட்டும்."

உறையை எடுத்தார். விபூதியை விரலால் துடைத்து நெற்றியில் இட்டுக்கொண்டு பிரித்தார். துண்டுச் சீட்டைக் கவிதா முதலில் சத்தமாகப் படித்தாள். அதற்குப் பிறகுதான் சாந்தி கையெழுத்துப் போட்டார். பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். மணி இரண்டரை.

5. காரணம் எழுதும் கட்டம்

சாலையில் செம்பனை லோரி ஒன்று குலையைக் கொட்டிவிட்டு நின்றிருந்தது. இருபது நிமிடத்தில் போக வேண்டிய இடத்துக்கு ஐம்பது நிமிடம். முருகா முருகா என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று இருபத்தைந்துக்குக் கிளைக்குள் ஓடினேன்.

ரத்துப் பாரத்தில் அலுவலர் நிரப்ப ஒரு கட்டம் உண்டு: ரத்துக்குக் காரணம். வாடிக்கையாளர் மனம் மாறினார் என்று குறித்தால், ஃபைலைத் திறந்த செலவுக்காக வாடிக்கையாளர் முந்நூறு வெள்ளி கட்ட வேண்டும். அலுவலரின் தவறு என்று குறித்தால் ஒரு காசும் கட்ட வேண்டாம். ஆனால் அலுவலரின் பெயரை எழுத வேண்டும்.

தேவன் என் தோளுக்குப் பின்னால் நின்றார். "மனசு மாறிட்டாங்கன்னு போடு சரஸ். பதினோராயிரத்துக்கு முந்நூறு என்னா பெருசு? அவங்களும் சந்தோஷமாத்தான் இருப்பாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவே தெரிந்தது. பேனா அந்தக் கட்டத்துக்கு மேல் நின்றதை நான் மறைக்கப்போவதில்லை. மூன்று ஆண்டு, பணிக்கொடை, வீட்டுத் தவணை எல்லாம் கண் முன்னால் வந்துபோயின. ஆனால் சாந்தியின் மனம் எங்கே மாறியது? அவருக்குத்தான் நான் ஒன்றுமே சொல்லவில்லையே, மாறுவதற்கு. அலுவலரின் தவறு என்று குறித்து என் முழுப் பெயரை எழுதினேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு முத்திரை விழுந்தது.

அடுத்த வாரம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்த ஆண்டு சம்பள உயர்வு இல்லை. சேவை மேசையிலிருந்து எடுத்துச் சாதாரணக் கவுண்டரில் போட்டார்கள், இருபத்தைந்து வருடம் முன்பு நான் தொடங்கிய அதே வேலை. பாக்கியம் அந்தக் காணொளியை யாருக்கும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

6. பதினொரு மாதம் கழித்து

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. துக்க வீட்டிலிருந்து யாராவது வந்தால் ஈமச்செலவை மட்டும் முடித்துக்கொடுங்கள். மற்றதெல்லாம் பதினாறு கழித்து. இலக்கு கிலக்கு என்று எவன் வந்து நின்றாலும் சரி. கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் தொகையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்கள் படிக்காத காகிதத்தில் அடுத்தவர் கையெழுத்தை வாங்காதீர்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது என்று நானும் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன்.

பதினொரு மாதம் கழித்து நில அலுவலக உத்தரவோடு சாந்தி வந்தார். பணத்தை எடுத்துக்கொண்டு கணக்கை மூட வேண்டும். மூன்று கவுண்டர் திறந்திருந்தன. பக்கத்துக் கவுண்டர் காலியாகி, அங்கிருந்த பெண் கூப்பிட்டாள். சாந்தி போகவில்லை. பின்னால் நின்றவரை முன்னே போகவிட்டு, என் கவுண்டர் காலியாகும்வரை நின்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்து, கணக்கை மூடும் பாரத்தை எடுத்து வழக்கம்போல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரல் வைத்து நீட்டினேன்.

அவர் பேனாவைத் தொடவில்லை.

"படிங்க மேடம்" என்றார். "ரெண்டு பக்கமும்."

படித்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். அவர் ம் கொட்டிக்கொண்டே வந்தார். வரிசையில் பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. பின்பக்கம் ஒன்பதாவது வரியில் என்னை நிறுத்தினார்.

"இதுக்கு என்னா அர்த்தம்?"

இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் பாரத்தைக் கண்ணாடிக்குக் கீழே நீட்டியிருக்கிறேன். எத்தனை ஆயிரம் பேருக்கு என்று கணக்கே இல்லை. ஒன்பதாவது வரிக்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

"தெரியலம்மா. கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்தேன்.

"போய்ட்டு வாங்க" என்றார். "நான் இருக்கேன்."